கடைசி இடத்தில இருக்கிறவைக்கும் வேலை இருக்கு

மார்ச்சில தொடங்கேக்க எங்கட ஃபன்டசி பேஸ்போல் லீக்கில 12 அணிகள் இருக்கும். ஜூலை வந்தால் எட்டோ ஒன்பதோதான் உயிரோட இருக்கும். மற்றவர்கள் விலகுவதில்லை, எட்டிப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். காயப்பட்ட வீரர் மூன்று கிழமையாக அணியில் அப்படியே நிற்பார். கேட்டால், "நாங்கள் கடைசிதானே, இனிப் பார்த்தென்ன, பாக்காட்டி என்ன" என்று பதில் வரும். அந்தப் பதில் பிழை என்கிறோம். எங்களில் சிலரும் ஒருகாலத்தில் அதையே சொன்னவர்கள்தான்.

இந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவின் மேஜர் லீக் வீரர்களைப் பிரித்தெடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைக்கிறோம். அவர்கள் உண்மையான ஆட்டத்தில் செய்வதெல்லாம் எங்களுக்குப் புள்ளியாகிறது. 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயோர்க்கில் தொடங்கிய வடிவத்தில், முழுப் பருவத்தின் கணக்கையும் கூட்டித்தான் வெற்றி பார்த்தார்கள். எங்கட லீக்கில் திங்கள் முதல் ஞாயிறு வரை, கிழமைக்கு ஒரு எதிரணி. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. கைவிடப்பட்ட அணியோடு இந்தக் கிழமை மோதுகிறவருக்கு வெற்றி சும்மா கிடைக்கும். போன மாதம், அந்த அணி ஒழுங்காக நின்ற நேரம், அதோடு மோதித் தோற்றவருக்கு அது கிடைக்கவில்லை. நாலாம் இடத்துக்கு அடிபடுகிற இரண்டு பேருக்கிடையில் தீர்ப்புச் சொல்வது, விளையாட்டையே பார்க்காத மூன்றாம் ஆள்.

அப்படி என்ன பெரிய வேலை? திங்கட்கிழமை, யார் இரண்டு தரம் பந்து எறியப் போகிறார் என்று பார்க்க வேணும். தொடக்கப் பந்தெறிவாளர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வருவார். திங்கள் எறிந்தவர் ஞாயிறும் வரக்கூடும். காயப் பட்டியலில் போனவர், துடுப்பாளர் என்றால் குறைந்தது 10 நாள், பந்தெறிவாளர் என்றால் 15 நாள் வரமாட்டார். அவரை ஒதுக்கி வேறு ஆளை எடுக்க வேணும். கிழக்குக் கரையின் இரவு ஆட்டம் எங்களுக்கு விடிய நாலரைக்கு. ஆகவே படுக்கப் போக முதல் ஒருக்கா பார்த்தால் போதும். பத்து நிமிடம்.

உண்மையான பேஸ்போலைப் பாருங்கோ. 2024இல் சிக்காகோ வைட் சொக்ஸ் 162 ஆட்டங்களில் 121ஐத் தோற்றது. 1900க்குப் பிறகு எந்த அணியும் ஒரு பருவத்தில் இத்தனை தோற்கவில்லை. 120ஆவது தோல்விக்குப் பிறகு ஆறு ஆட்டம் மிச்சம். அந்த ஆறில் ஐந்தை வென்றார்கள். கடைசி இரண்டு வெற்றிகளும் டிட்ரொயிட்டுக்கு எதிராக. அதில் ஒன்றை டிட்ரொயிட் வென்றிருந்தால் கன்சாஸ் சிட்டியை முந்தியிருக்கும்; இரண்டும் 86 வெற்றியோடு சமமாக முடிந்து, கன்சாஸ் சிட்டிதான் முன்னுக்கு வைக்கப்பட்டது. சிக்காகோவுக்கு அந்த வெற்றிகளால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் இன்னொரு ஊரின் அக்டோபர் எங்கே தொடங்குவது என்பதை அவைதான் முடிவுசெய்தன.

"விளையாட்டுத்தானே, சோதினை இருக்கு, வேலை இருக்கு" என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. வாழ்க்கை முக்கியம். ஏலாது என்றால் சொல்லிவிடுங்கோ; அணியை இன்னொருவரிடம் கொடுக்கலாம். சொல்லாமல் விட்டுவிடுவதைத்தான் பிழை என்கிறோம். அதைவிட மோசம், தோற்கிற கோபத்தில் நல்ல வீரர்களைக் கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுப்பது.

"விடாதேங்கோ, கடைசியில வெல்லலாம்" என்று ஆசைகாட்டவும் மாட்டோம். பெரும்பாலும் வெல்ல ஏலாது. பத்துத் தரம் நின்று மூன்று தரம் அடித்தாலே நல்ல துடுப்பாளர் என்கிற விளையாட்டு இது. தோல்விக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. மார்ச்சில நாங்கள் பதினொரு பேருக்கு ஒரு சொல் கொடுத்தோம்: செப்டெம்பர் வரை எதிரில் நிற்போம் என்று. வெல்லுகிறவருக்கு அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது சுகம். கடைசியில் நிற்கிறவர் காப்பாற்றினால்தான் அதற்குப் பெறுமதி.

இந்த ஞாயிறு படுக்கப் போக முதல் உங்கட அணியை ஒருக்கா திறந்து பாருங்கோ.