வலியை எதனால் அளப்பது?

இரண்டு மாத விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள். வகுப்பில் நுழைந்ததும் முன் பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், வலி போயிடுச்சா?" என்று கேட்டான். ஓமின் விதியைப் பற்றி 20 ஆண்டுகளாகத் தயங்காமல் பேசி வருகிறவன் நான். அந்தச் சின்னக் கேள்விக்கு விடை சொல்ல நாக்கு எழவில்லை. "பாதி போயிற்று" என்றேன். வகுப்பு சிரித்தது. பாதி என்பதை எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் நான் மாட்டிக் கொண்டிருப்பேன். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, என் இடுப்புக்குப் பின்புறம் தோலுக்கடியில் ஒரு மின்கருவி இருக்கிறது. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. டைட்டானிய உறைக்குள் ஒரு மின்கலமும் சில மின்சுற்றுகளும். அதிலிருந்து புறப்படும் இரண்டு மெல்லிய கம்பிகள் முதுகெலும்புக் கால்வாய்க்குள் நுழைந்து, தண்டுவடத்தின் பின்புறமாக, அதைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே படுத்திருக்கின்றன. கம்பியின் தடிமன் சுமார் 1.3 மில்லிமீட்டர். ஒவ்வொன்றின் நுனியிலும் 8 உலோக வளையங்கள். அவற்றின் வழியே சில மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்துடிப்புகள் இரவு பகலாகப் போய்க் கொண்டிருக்கின்றன.

எதற்காக இது? ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியது. அறுவைச் சிகிச்சை செய்து அழுத்தத்தை நீக்கினார்கள். ஆனால் இடது காலில் எரிச்சல் மட்டும் நிற்கவில்லை. திருடன் ஓடிப்போன பிறகும் விடிய விடியக் குரைக்கும் நாயைப் போல, காயம் ஆறிய பிறகும் என் நரம்பு செய்தி அனுப்பிக் கொண்டே இருந்தது. எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றுமில்லை. "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்பார்கள். எரிச்சலைவிட அந்தச் சொல் அதிகம் எரிந்த நாட்கள் உண்டு.

மேசைக் காலில் முழங்காலை இடித்துக் கொண்டால் என்ன செய்கிறீர்கள்? பரபரவென்று தேய்க்கிறீர்கள். ஏன் தேய்க்க வேண்டும்? தொடு உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் தடித்தவை. அவற்றில் செய்தி வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடும். எரிச்சலைச் சுமக்கும் இழைகளோ மிக மெல்லியவை. வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான். இவ்விரு வகைச் செய்திகளும் தண்டுவடத்தில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, தொடு செய்தி பெருகினால் வலிச் செய்திக்கு அந்தக் கதவு சாத்திக் கொள்கிறது என்று ரோனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் 1965-இல் எழுதினார்கள். அந்தக் கொள்கையின் நுட்பங்கள் பல பின்னால் திருத்தப்பட்டன. ஆனால் அது பிறந்த இரண்டே ஆண்டுகளில், 1967-இல், அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற அறுவை மருத்துவர், புற்றுநோயால் வாடிய ஒருவரின் தண்டுவடத்தருகே மின்முனை வைத்துப் பார்த்தார். தேய்த்துவிடும் கைக்குப் பதில் மின்சாரம்! அந்தக் கருவியின் பேரப்பிள்ளைதான் என்னிடம் இருப்பது. (மின்சாரத்தால் வலி போக்குவது புதிதல்ல. முதல் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர் தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் உயிருள்ள மின்சார மீனை வைக்கச் சொல்லியிருக்கிறார். நாம் பேட்டரிக்கு மாறிவிட்டோம், அவ்வளவுதான்.)

அறுவைச் சிகிச்சை சில மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் ஆறு வாரங்கள்தான் பெரிது. குனியக் கூடாது, உடம்பை முறுக்கித் திரும்பக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. கேட்க எளிது. பல் துலக்கிவிட்டுத் துப்புவதற்குக் குனிய வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு குவளையை வாயருகே பிடித்துக் கொண்டுதான் துப்பினேன். கீழே விழுந்த மூக்குக் கண்ணாடி, மகள் பள்ளியிலிருந்து வரும் வரை கீழேயே கிடந்தது.

இரண்டாம் வாரம் தையல் பிரித்தார்கள். ஊரிலிருந்து பார்க்க வந்த பெரியம்மா, "ஏம்ப்பா, தையல்தான் பிரிச்சாச்சே, இன்னும் என்ன படுக்கை? நாலு குடம் தண்ணி எடுத்தா எல்லாம் சரியாப் போகும்" என்றார். நான் அவரிடம், "பெரியம்மா, நம்ம வீட்டு மாடிக்குத் தளம் போட்டப்ப மூணு வாரம் தண்ணி கட்டி வச்சு, யாரையும் மேல ஏற விடாம நின்னது யாரு?" என்று கேட்டேன். அவர்தான்! அதற்குப் பிறகு குடத்தைப் பற்றிப் பேசவில்லை.

உண்மையில் இரண்டும் ஒன்றுதான். தண்டுவடத்தருகே கம்பியைப் பற்றவைக்க முடியாது. கீழே ஓரிடத்தில் தையல் போட்டுக் கட்டியிருப்பார்கள். மற்றபடி அதைப் பிடித்துக் கொள்ள வேண்டியது உடம்பு தானே வளர்க்கும் வடுத் திசுதான். அது வளர்ந்து இறுகுமுன் கம்பி சில மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். காலுக்குப் போக வேண்டிய மின்துடிப்பு விலாவுக்குப் போய்விடும். மறுபடி அறுவைதான். படுத்திருப்பவன் சும்மா இருப்பதாகத் தெரிகிறது. உள்ளே கொத்து வேலை நடக்கிறது.

படுத்திருந்த நாட்களில் நான் கற்ற இயற்பியல் கொஞ்சமல்ல. எழுந்து நின்றால் காலில் மெல்லிய சிலிர்ப்பு. மல்லாந்து படுத்தால் அதே மின்துடிப்பு சுரீரென்று ஏறும். கருவியில் நான் எதையும் மாற்றவில்லை. பின் என்ன மாறியது? தண்டுவடம் ஒரு நீரில் மிதக்கிறது. அந்த நீர், சுற்றியுள்ள கொழுப்பையும் நரம்பையும்விட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். மல்லாந்து படுக்கும்போது புவியீர்ப்பால் தண்டுவடம் பின்பக்கம் தாழ்ந்து மின்முனையை நெருங்குகிறது. இடையிலுள்ள நீர்ப்படலம் மெலிகிறது. நரம்புக்குச் சேரும் மின்சாரம் கூடுகிறது. மின்கலத்துக்கு மின்னேற்றுவதும் அழகான காட்சி. தோலில் துளையில்லை, கம்பியில்லை. ஒரு கம்பிச்சுருளை இடுப்புப் பட்டையில் வைத்துக் கட்டிக் கொள்கிறேன். உள்ளே இருக்கும் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. 1831-இல் பாரடே கண்டது, என் இடுப்பில் நடக்கிறது. பட்டை ஓர் அங்குலம் நழுவினால் மின்னேற்றம் படுத்துவிடும்.

இவ்வளவும் சரி. ஆனால் வலி குறைந்ததா?

மருத்துவர்கள் 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்கிறார்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கொடிய வலி. அறுவைக்கு முன் 8 என்றேன். பின்பு 4 என்றேன். அதனால்தான் வகுப்பில் "பாதி" என்று வந்தது. ஆனால் 20 டிகிரி செல்சியஸ் என்பது 10 டிகிரியைப் போல இருமடங்கு வெப்பம் அல்ல என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். 4 என்பது 8-இல் பாதி வலி என்று எப்படிச் சொல்லலாம்? என் 4-ம் உங்கள் 4-ம் ஒன்றா? தெரியாது. இவ்வளவு குறையுள்ள அளவுகோலாயினும் நமக்கு வேறு அளவுகோல் இல்லை. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வெளியிட்ட வலியின் வரையறையை 2020-இல் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முன்பு ஒரு மாணவி தலைவலி என்று அடிக்கடி விடுப்புக் கேட்பாள். "தேர்வு நெருங்கினால் மட்டும் வருமோ?" என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டவன் நான்.

ஆகவே என் கருத்து இது: வலிக்கிறது என்று சொல்பவரை நம்புங்கள். ஆனால் இன்ன வைத்தியத்தால் குறைந்தது என்று அவர் சொன்னால், அதை உடனே நம்பாதீர்கள். அவர் நானாகவே இருந்தாலும் சரி. முன்னது அவர் உணர்வது. பின்னது அவர் ஊகிப்பது.

காரணம் சொல்கிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியத்துக்கு ஓடுகிறோம். உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். பல இலட்சம் செலவழித்து, முதுகைக் கீறிக் கொண்டவனுக்குக் குறைந்திருக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். 2022-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நார்வே நாட்டில் என்னைப் போன்ற 50 நோயாளிகளுக்கு இக்கருவியைப் பொருத்தி, சில மாதங்கள் மின்துடிப்பு கொடுத்தும், சில மாதங்கள் கொடுக்காமலும் பார்த்தார்கள். எப்போது கொடுக்கிறார்கள் என்பது நோயாளிக்குத் தெரியாது. இரண்டு காலங்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! அவர்கள் கையாண்ட துடிப்பு முறை சரியில்லை என்று வேறு மருத்துவர்கள் மறுத்தும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, காக்ரேன் என்னும் ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கீழ்முதுகு வலிக்கு இக்கருவி நீடித்த பயன் தருவதாகச் சான்று இல்லை என்றது. படுக்கையில் இதைப் படித்துக் கொண்டிருந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்த முன் பெஞ்சு மாணவனின் கேள்விக்குப் பிறகு ஒரு சோதனை செய்தேன். என் கருவியை ஐந்தாம் வாரத்தில் வினாடிக்கு 10,000 துடிப்பு என்ற வேகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதில் சிலிர்ப்பே தெரியாது. ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று உடம்புக்குப் புரியாது. டாக்டரிடம் அனுமதி கேட்டேன். அணைத்து வைப்பதால் தீங்கில்லை, பொறுக்க முடியாவிட்டால் உடனே போட்டுவிடுங்கள் என்றார். (நீங்கள் யாரும் வீட்டில் தாத்தாவின் மருந்தை வைத்து இப்படிச் சோதனை செய்யாதீர்கள்!) மூன்று நாளுக்கு ஒரு முறை என் மனைவி நாணயம் சுண்டுவாள். தலை விழுந்தால் கருவி ஓடும். பூ விழுந்தால் நிற்கும். எனக்குச் சொல்ல மாட்டாள். மின்னேற்றும் பொறுப்பும் அவளுடையதே. மூன்றாம் நாள் இரவு நான் வலி எண்ணையும், ஓடியதா நின்றதா என்ற என் ஊகத்தையும் எழுதுவேன். 24 நாள், 8 கட்டங்கள்.

முடிவு? எட்டில் ஐந்து முறை சரியாக ஊகித்திருந்தேன். மகள் துள்ளினாள். ஆனால் கண்ணை மூடிக் கொண்டு சொன்னாலும் எட்டில் ஐந்து அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு 256-க்கு 93, அதாவது 36 விழுக்காடு. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், வரும். 36 விழுக்காட்டை வைத்துக் கொண்டு கருவி வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. எட்டு கட்டங்கள் மிகக் குறைவு.

இதிலிருந்து எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. கருவியை நிலையாகப் பொருத்துவதற்கு முன், ஏறக்குறைய ஒரு வாரம், கம்பியை மட்டும் உள்ளே வைத்து, பெட்டியை வெளியே தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். வலி பாதியாகக் குறைந்தது என்று நோயாளி சொன்னால் நிலையான அறுவை. பல இலட்சம் ரூபாயும் ஆறு வாரப் படுக்கையும் அந்த ஒரு வாரத்தைச் சார்ந்திருக்கின்றன. அந்த வாரம் முழுவதும் கருவி ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். சிலிர்ப்பில்லாத துடிப்பு முறைகள் வந்துவிட்ட இந்நாளில், நோயாளியின் சம்மதத்தோடு சில நாட்கள் சொல்லாமல் அணைத்து வைத்துப் பார்த்தால் என்ன? ஒரு வாரம் போதாது என்றால் சில நாட்கள் கூட்டலாம்; கம்பி வழியே கிருமி நுழையும் அபாயத்தையும் எண்ணித்தான் கூட்ட வேண்டும். ஆயினும் கடன் வாங்கிக் கொண்டு வரும் ஒருவருக்கு, கடன் வாங்குவதற்கு முன்பே இந்த உண்மை தெரிவது நல்லது. என் டாக்டரிடம் இதைச் சொன்னேன். யோசிக்க வேண்டியதுதான் என்றார்.

காலில் எரிச்சல் இன்று 4. நேற்று 5. வகுப்பில் ஒரு மணி நேரம் நின்று பாடம் நடத்துகிறேன். சென்ற ஆண்டு அது முடியாது. கருவியினாலா, ஆறு வார ஓய்வினாலா, வெறும் நம்பிக்கையினாலா? இரண்டாம் சுற்று தொடங்கிவிட்டது. இம்முறை 20 கட்டங்கள். குறிப்பேடு மனைவியின் பீரோவில் இருக்கிறது. சாவி என்னிடம் இல்லை.