சிறை வாசலோடு முடியும் அரசின் கணக்கு

மதுரை அரசரடியில், புது ஜெயில் ரோட்டில் இருக்கும் மத்தியச் சிறைக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் கேட்டைத் தாண்டி வெளியே வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு துணிப்பைதான் இருக்கும். அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, வழக்குக் காகிதங்கள். உள்ளே போகும்போது இருந்த செல்போன் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்து, வேறு யார் கைக்கோ போயிருக்கும். ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த நம்பரோடுதான் இணைந்திருந்தன. ஓடிபி வராது; கணக்கில் பணம் கிடந்தாலும் உடனே எடுக்க வழியில்லை. ஆரப்பாளையம் போனால் உசிலம்பட்டிக்குப் பஸ் கிடைக்கும், மாட்டுத்தாவணி போனால் மேலூருக்குக் கிடைக்கும். போகிற வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்பது போனால்தான் தெரியும். பெண்களாக இருந்தால் அந்தக் கேள்வி இன்னும் கடினம்; மனு பார்க்கக்கூட யாரும் வராமலே தண்டனையைக் கழித்தவர்கள் அவர்களில் உண்டு.

இவர்களுக்காக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. விடுதலை பெற்ற சிறைவாசிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று 1921 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறது. அதன் வழியாக அண்மை ஆண்டுகளில் சிலருக்குத் தலா 50,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணத்தில் நல்ல கறவை மாடு ஒன்று வாங்கினால் தீவனத்துக்கு மிச்சம் இருக்காது. தொகையைவிடப் பெரிய சிக்கல், அது வரும் விதம். விண்ணப்பம், பரிசீலனை, தேர்வு, பிறகு மேடையில் காசோலை. வெளியே வந்த முதல் மூன்று மாதத்தில் படுக்க இடமும் கைச்செலவும் தேவைப்படுகிறவருக்கு, எப்போதோ வரும் காசோலை பரிசு மாதிரிதான். பரிசை எதிர்பார்த்து யாரும் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வருகிறவரும், நிரபராதி என்று விடுவிக்கப்படுகிறவரும் வேலையை, வாடகை வீட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை இழந்துதான் வருகிறார்கள். மறுவாழ்வு என்று பேசும்போது இவர்கள் யார் நினைவுக்கும் வருவதில்லை. ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த திட்டத்தில் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரை என்று அப்போது வரம்பு வைத்தார்கள். அதுவும் கேட்டைத் திறப்பதற்கான பணம். திறந்த பிறகு நடப்பது அதன் கணக்கில் இல்லை.

ஆனால் வெளியே வந்தவர்மீது அரசு வேறு விதத்தில் தாராளமாகவே செலவழிக்கிறது. சரித்திரப் பதிவேடு என்கிற ஹிஸ்டரி ஷீட், இரவு ரோந்தில் கதவைத் தட்டி ஆள் இருக்கிறானா என்று பார்ப்பது, நன்னடத்தைப் பிணைப் பத்திரம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110-வது பிரிவு, புதிய சட்டத்தில் 129), அதற்கும் மேலே 1982-ன் குண்டர் சட்டம். இவை ஒவ்வொன்றுக்கும் போலீஸ்காரரின் சம்பளம் உண்டு, ஜீப் உண்டு, டீசல் உண்டு. திருவிழாவோ தேர்தலோ வந்தால், ஒர்க்‌ஷாப்பில் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது முறை தேடி வந்தால் முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். கண்காணிக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். கண்காணிப்புக்கு நிரந்தரப் பணமும் உதவிக்கு அவ்வப்போதைய பணமும் என்பதுதான் இன்றைய கணக்கு.

இந்தக் கணக்கு மதுரைக்குப் புதிதல்ல. கள்ளர் சமூகத்தையே குற்றவாளிகளாகப் பதிந்த பிரிட்டிஷ் அரசின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்து, 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 16 பேர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். குற்றமே செய்யாதவர்களும் ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற காலம் அது. துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அதே அரசு கள்ளர் சீரமைப்பு என்று ஒன்றைத் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சாகுபடிக்கு உதவி என்று ஊர் ஊராகப் பணம் இறங்கியது. அந்தப் பள்ளிகளில் சுமார் 300 மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தபோது அந்தப் பகுதியில் கிளம்பிய எதிர்ப்பே, மக்கள் அவற்றை எவ்வளவு தங்களுடையதாக நினைக்கிறார்கள் என்று காட்டியது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. குற்ற முத்திரை குத்தப்பட்டவர்களுக்காக அரசு கருவூலத்திலிருந்து வருடா வருடம் செலவழிக்க முடியும், பலனும் உண்டு. இந்த வட்டாரமே அதற்குச் சாட்சி. இரண்டாவது கசப்பானது: உதவி செய்த அரசேதான் கைரேகையும் எடுத்தது. பள்ளிக்கூடம் வந்த பிறகும் 1947-ல் சட்டம் ஒழியும்வரை அந்தக் கைரேகைப் பதிவேடு போகவில்லை. அதனால்தான் இன்றைய மறுவாழ்வுப் பணம் காவல் நிலையம் வழியாக வரக் கூடாது என்கிறேன்.

யார் வழியாக வரலாம்? சிறைத் துறையிலேயே நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவது, விடுப்பு கேட்கும் கைதியின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. குடும்பத்தை அறிந்த அரசு ஊழியர் அவர் ஒருவர்தான். அவருக்கு இன்று ஃபைல் உண்டு, கையில் பணம் இல்லை. விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கைச் சரிசெய்யவும், முதல் 90 நாளுக்குத் தங்க இடமும் உதவித்தொகையும் தரவும் அவர் கையெழுத்தில் செலவாகும் ஒரு பட்ஜெட் தலைப்பு வேண்டும். மாநகராட்சியின் வீடற்றோர் தங்குமிடங்களில் சில கட்டில்களை இதற்காக ஒதுக்குவதற்குப் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை.

உள்ளே கற்ற தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரைச் சிறையில் அரசு அலுவலகங்களுக்கான கவர், ஃபைல் அட்டை தயாரிக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் உள்ள திறந்தவெளிச் சிறையில் விவசாயம் பார்க்கிறார்கள். வெளியே வந்ததும் ஒருவருக்கு பைண்டிங் இயந்திரம் கிடையாது, இன்னொருவருக்கு நிலம் கிடையாது. அரசு வாங்கும் கவர்களில் ஒரு பங்கை விடுதலையானவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஒரு எச்சரிக்கையும் உண்டு. மதுரைச் சிறையின் இதே ஸ்டேஷனரிப் பொருள் விவகாரத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை 2024-ல் சிறை அதிகாரிகள்மீது வழக்குப் பதிந்தது. மதிலுக்குள் போகும் பணத்தை அன்றாடம் கேள்வி கேட்க வெளியாள் இல்லை. ஆகவே இந்தச் செலவுக்குக் கணக்குத் தணிக்கை தனியாக வேண்டும்.

‘செத்தவன் குடும்பத்துக்கு என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். மேலூர்ப் பக்கம் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் ஆயுள் கைதிகள் 13 பேரை 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி முன்கூட்டியே விடுவித்தபோது ஊர் கொதித்தது நியாயமானது. அந்தக் கோபம் யாரை, எதன் அடிப்படையில், யாரைக் கேட்டு விடுவித்தார்கள் என்பதைப் பற்றியது. அதற்கான பதில் விடுதலை விதிகளில் இருக்க வேண்டும். தண்டனை முடித்துவிட்டு பஸ் காசு தேடும் கஞ்சா வழக்குக்காரரின் முதல் மாத வாடகையை மறுப்பதால் மேலவளவுக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கென்று கைதிகளின் கூலியில் பிடிக்கும் பணம் உரிய குடும்பங்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்டால் ஏதாவது கிடைக்கலாம்.

சிங்கப்பூரில் 1976-லேயே கைதிகளின் தொழிலுக்கும் மறுவாழ்வுக்கும் சட்டப்படி ஒரு வாரியம் அமைத்தார்கள். எஸ்.ஆர். நாதன் அதிபராக இருந்த 2004-ல், விடுதலையானவர்களை ஏற்றுக்கொள்ளச் சமூகத்தைக் கேட்கும் மஞ்சள் நாடா இயக்கம் வந்தது. வெளியே வந்து இரண்டு ஆண்டுக்குள் மறுபடி உள்ளே போகிறவர்கள் 1990-களில் நூற்றுக்கு 40-க்கு மேல். இப்போது ஏறக்குறைய 20. அந்நாட்டின் கடுமையான தண்டனைகளை நான் பாராட்டவில்லை. ஆனால் அவர்கள் எண்ணுகிறார்கள். மதுரையில் விடுதலையானவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டுக்குள் திரும்பி வந்தார்கள் என்ற எண்ணைச் சிறைத் துறை வருடந்தோறும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கலாம்.

மத்தியச் சிறையை மேலூர்ப் பக்கம் இடையபட்டிக்கு மாற்றும் பேச்சில் இதுவரை மதில், நிலம், கோயில் காடு பற்றித்தான் விவாதம் நடந்திருக்கிறது. அரசரடியில் காலியாகும் இடத்துக்கு என்னென்ன யோசனைகள் வரும் என்பதும் தெரிந்ததே. நகரத்தின் நடுவில் அத்தனை ஏக்கர் சும்மா கிடக்காது. வெளியே வருகிறவர்கள் தங்கவும், காகிதங்களைச் சரிசெய்யவும், நன்னடத்தை அலுவலரைப் பார்க்கவும் அங்கே ஒரு சிறு கட்டடத்துக்கு இடம் கேட்டு, மதுரையின் சட்டமன்ற உறுப்பினர்கள் திட்டம் முடிவாகும் முன்பே கடிதம் கொடுக்க வேண்டும்.