தண்ணி வடிஞ்சதும் சாவியைத் திருகாதீங்க!

"ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார், வெள்ளத்துல கார் மூழ்கினா கிளெய்ம் கிடைக்கும்ல?" கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி. 'ஃபுல்' என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்காது. ஏஜென்ட் வாயில்தான் அது இருக்கும், பாலிசியில் இருக்காது.

தேர்டு பார்ட்டி மட்டும்னா ஒரு ரூபாய்கூட வராது. காம்ப்ரிஹென்சிவ்னா வெள்ளச் சேதத்துக்குக் கிடைக்கும். ஆனா 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி ஒரு மழை முடிஞ்சு, 'ஓடுதான்னு பார்ப்போம்'னு ஸ்டார்ட் பண்ணினீங்கன்னா போச்சு. சிலிண்டருக்குள்ள புகுந்த தண்ணியைப் பிஸ்டனால அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அது வெள்ளம் செஞ்ச சேதம் இல்லை, நீங்க செஞ்சதுன்னு கம்பெனி கையை விரிக்கும். அதுக்குத்தான் எஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன். நம்ம பக்கம் கார் வச்சிருந்தா, மத்த ஆட்-ஆனை விட்டாலும் இதை விடாதீங்க. கார் நனைஞ்சா போட்டோ எடுங்க, கம்பெனிக்குப் போன் போடுங்க, டோ பண்ணி அனுப்புங்க.

வீடு? ஹோம் லோனோட பேங்க்ல போட்ட பாலிசி பெரும்பாலும் உங்க உயிருக்குத்தான், சுவருக்கு இல்லை. எடுத்துப் படிச்சுப் பாருங்க. 2021 ஏப்ரல்ல வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வெள்ளத்தையும் கவர் பண்ணும். வாடகை வீட்டுக்காரங்க ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்னு உள்ளே இருக்கிற பொருளுக்கு மட்டும்கூட எடுக்கலாம்.