தெளிந்த நீரில் தெரியாத நஞ்சு

சிற்றூர் வாழ்வைக் காட்டும் ஆவணப்படங்கள் பலவற்றிற்கு ஒரு பழக்கம் உண்டு. பனைவரிசை, ஏரிக்கரை, நாற்று நடவு என அழகை முதலில் காட்டிப் பின்பு அதன் இழப்பிற்கு இரங்குவதே அப்பழக்கம். பாலாற்றங்கரையில் அது உதவாது. வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை நிலத்தடி நீரில் கலந்துள்ள உப்பும் குரோமியமும் பல இடங்களில் படக்கருவிக்குப் புலப்படுவதில்லை. நீர் தெளிவாகவே தோன்றும். அதைக் குடித்தவரும் வயலுக்குப் பாய்ச்சியவரும் பேசினாலன்றி உண்மை வெளிவராது. ஆர்.ஆர். சீனிவாசன் இயக்கிய ‘என் பெயர் பாலாறு’ போன்ற ஆவணப்படங்களின் தேவை இங்கேதான் விளங்குகிறது.

ஒரு காலத்தில் இப்பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டனர். 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோமிய உப்பின் பயன்பாடு பெருகியது. வாரக்கணக்கில் நீண்ட வேலை நாள்கணக்கில் முடிந்தது. கழிவோ நிலத்தில் தங்கிவிட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இவ்வழக்கிற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆயினும் உழவரை ஒருபுறமும் ஆலையை மறுபுறமும் நிறுத்தி முடித்துக்கொள்ளும் படம் பாதி உண்மையையே சொல்லும். நிலம் பாழான வீட்டுப் பெண்ணே ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்வதும் உண்டு. அவர் ஊதியத்தில்தான் அவ்வீட்டில் அடுப்பெரிகிறது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டி உடைந்தபோது மாண்ட பத்துப் பேரும் தொழிலாளர்களே. வயலையும் ஆலையையும் ஒரே குடும்பத்தின் கதையாகக் காட்டத் துணியும் படமே இம்மண்ணுக்கு நேர்மையானது.

2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும் ஆற்றைச் சீர்செய்யவும் ஆணையிட்டது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகளுக்கும் மேல். எந்தக் கிணறு எப்போது உப்பேறியது, எந்த ஊற்றுக்கால் எந்தக் கோடையில் வற்றியது என்பனவெல்லாம் ஆவணங்களில் முழுமையாக இல்லை. கரையோர முதியவர்களின் நினைவில்தான் உள்ளன. பாலாற்று மணலில் கையால் தோண்டி நீர் பருகியவர்களுள் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர்.