பிள்ளையின் காதில் விழும் ஜெபம்

மே மாதத்தில் ஏற்காட்டுக்கு ஏறி வருகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் வருகிறவர்கள் ஒரு வகை. ஏரியில் படகு விட்டு, ஏரி நிரம்பி வழிந்தால்தான் உயிர்பெறும் கிளியூர் அருவியில் இந்த வெயிலிலும் தண்ணீர் விழுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய்விடுவார்கள். மற்றவர்கள், மலையின் தேவாலயங்களிலும் தியான இல்லங்களிலும் முழங்காலில் நிற்பவர்கள். பிளஸ் டூ முடிவு வெளியாகும் மாதமும் அதுதான். திருப்பலிக்குக் கொடுக்கும் கருத்துகளிலும், சபையில் வாசிக்கும் விண்ணப்பச் சீட்டுகளிலும் பிள்ளைகளின் பெயர்களே முன்னால் நிற்கும். கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைக்க, ஹாஸ்டல் ஒத்துப்போக, அரியர் இல்லாமல் முடிக்க. கடைசியில் தவறாமல் ஒன்று: பிள்ளைக்கு மனச் சமாதானம் உண்டாக.

பிள்ளையை எங்கோ விட்டுவிட்டு அதற்காக ஜெபிப்பது இந்த மலைக்குப் பழக்கமானதுதான். புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் மான்ட்போர்ட் பள்ளியை இங்கே தொடங்கியது 1917இல். கன்னியர்கள் நடத்தும் பள்ளியும் நூற்றாண்டைக் கடந்தது. தலைமுறை தலைமுறையாகச் சமவெளிப் பெற்றோர் பிள்ளைகளை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மலையிலேயே வாழும் குடும்பங்களின் கதை நேர்மாறானது. காபித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பட்டப் படிப்புக்குச் சேலத்துக்கும் கோவைக்கும் சென்னைக்கும் இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28. அந்தப் பாதியில், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட பிள்ளைக்காக ஒரு தாய் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறாள் என்றால், அதைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவள் கையில் வேறு என்ன இருக்கிறது? கல்லூரியின் பாடத்திட்டம் அவளுக்குத் தெரியாது. செமஸ்டர் என்றால் என்னவென்றே பிள்ளை சொல்லித்தான் தெரியும். ஜெபம் ஒன்றுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்த மொழி.

அந்த மொழியில் அவள் என்ன சொல்கிறாள், அது யார் காதில் விழுகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில், முக்கியமாகப் புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே வீடுகளில், குடும்ப ஜெபம் வாய்விட்டுச் செய்யப்படுகிறது. அப்பா ஜெபிக்கிறார், அம்மா ஜெபிக்கிறார், பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறது. "ஆண்டவரே, இவன் கெட்ட நண்பர்களோடு சேர்ந்துவிடாதபடி காத்துக்கொள்ளும்", "இவளுக்குப் படிப்பில் கவனத்தைக் கொடும்", "நாங்கள் பட்ட கஷ்டத்தை இவர்கள் உணரும்படி செய்யும்." கடவுளுக்குச் சொல்வதாகத் தொடங்கும் வாக்கியம், பாதி வழியில் பிள்ளையின் பக்கம் திரும்பிவிடுகிறது. நேருக்கு நேர் சொன்னால் பிள்ளை பதில் பேசலாம், சண்டை போடலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. "ஆமென்" என்று சொல்வதைத் தவிர பிள்ளைக்கு வேறு வழியில்லை.

கத்தோலிக்க வீட்டுச் செபமாலையில் வாய்பாடு இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு என்று நினைக்கலாம். ஆனால் கருத்துகள் சொல்லும் நேரத்தில் அங்கும் இதேதான் நடக்கும். இப்போது வாட்ஸ்அப்பும் சேர்ந்துகொண்டது. காலை ஐந்து மணிக்கு அம்மா பதிவுசெய்து அனுப்பும் குரல் ஜெபம் ஹாஸ்டல் கட்டிலில் கிடக்கும் மகளின் போனில் வந்து விழுகிறது. அன்று இன்டர்னல் தேர்வு என்றால் அந்த ஜெபத்தில் தாயின் பயம் முழுவதும் இருக்கும். மகள் இப்போது தன் பயத்தோடு அம்மாவின் பயத்தையும் சுமந்துகொண்டு தேர்வு அறைக்குப் போக வேண்டும். இரவில் வரும் அழைப்பிலோ கேள்விகள் எப்போதும் மூன்று. "சாப்பிட்டியா கண்ணு?" "சர்ச்சுக்குப் போனியா?" "மார்க் போட்டாங்களா?" மூன்றுக்கும் "ம்" என்ற ஒரே பதில் போதும். அந்த "ம்"முக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் நான்காவது கேள்வி பல வீடுகளில் எழுவதே இல்லை.

சபையின் பங்கும் இதில் சிறியதல்ல. நம் கூட்டங்களில் சாட்சி சொல்லும் வழக்கம் அருமையானது. ஆனால் யார் எழுந்து சாட்சி சொல்கிறார்கள்? கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வான மகனின் தகப்பன், மருத்துவச் சீட் கிடைத்த மகளின் தாய். "கர்த்தர் எங்கள் ஜெபத்தைக் கேட்டார்" என்று சொல்லும்போது சபை கைதட்டுகிறது. நான்கு பாடங்களில் அரியர் வைத்திருக்கும் இளைஞன் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்கிறான். தன் வீட்டு ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்ற கணக்கை அவன் தன் பெயரில்தான் எழுதிக்கொள்கிறான். நன்றி சொல்வதைக் குறை சொல்லவில்லை. தோற்ற வீட்டுக்கும் அந்த ஒலிபெருக்கி ஒருநாள் தரப்பட்டிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

பிள்ளைக்காக ஜெபித்த தாய்மாரின் பட்டியலில் திருச்சபை முதலிடம் கொடுப்பது புனித மோனிக்காவுக்கு. ஆகஸ்ட் 27 அவருடைய திருநாள். மறுநாள் மகன் அகுஸ்தீனாரின் திருநாள். ஆண்டுக் கணக்கில் அழுது ஜெபித்து மகனை மனந்திருப்பிய தாய் என்று மறையுரைகளில் கேட்டிருப்போம். மறையுரைகள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதிகளை அகுஸ்தீனாரே தம் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பெற்றோருக்குத் தேவையானவை அவைதாம்.

வட ஆப்பிரிக்காவின் தகஸ்தே என்ற சிற்றூரிலிருந்து அகுஸ்தீன் கார்த்தேஜ் நகரத்துக்குப் படிக்கப் போனபோது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினேழு. நம் கணக்கில் கல்லூரி முதலாண்டு. போன இடத்தில் நாடகக் கொட்டகை, திருமணம் செய்யாமலே ஒரு பெண்ணோடு வாழ்க்கை, ஒரு குழந்தை, பிறகு திருச்சபை ஏற்காத மானிக்கேயர் கொள்கை. ஊர் திரும்பிய மகனோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே மேசையில் உண்ணவும் மோனிக்கா மறுத்துவிட்டார். பிறகு ஒரு கனவு கண்டார். தான் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பதாகக் கனவு. மகனை மீண்டும் மேசையில் சேர்த்துக்கொண்டார். இந்த வரிசையைக் கவனியுங்கள். மகன் அப்போது மாறியிருக்கவில்லை. அவர் திருமுழுக்குப் பெற இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அத்தனை ஜெபத்தில் முதலில் மாறியவர் அம்மாதான். சோறு போட மறுத்தவர் சோறு போட்டார்.

இன்னொரு நிகழ்ச்சி 383இல். மகன் ரோமுக்குக் கப்பல் ஏறப் போகிறார் என்று தெரிந்து மோனிக்கா துறைமுகம் வரை பின்தொடர்ந்தார். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று அகுஸ்தீன் பொய் சொல்லி, அருகிலிருந்த புனித சிப்ரியான் ஆலயத்தில் அம்மாவைத் தங்கவைத்தார். இரவெல்லாம் அம்மா, மகன் போகக் கூடாது என்று ஜெபித்தார். அந்த இரவிலேயே கப்பல் புறப்பட்டுவிட்டது. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் ரோமிலிருந்து மிலான் போய், அங்கே ஆயர் அம்புரோசைச் சந்தித்து, 387இல் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றதற்கு அந்தப் பயணமே வழி. தாயின் விண்ணப்பத்தைத் தள்ளியதன் மூலமே அவள் ஆழ்ந்த ஆசை நிறைவேறியது என்று மகன் பின்னால் எழுதினார். வெளியூர்க் கல்லூரி வேண்டாம், கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று ஜெபிக்கும் பெற்றோர் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கலாம்.

மோனிக்கா செய்தது எல்லாமே சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். மகனின் முன்னேற்றத்துக்காக மிலானில் நல்ல குடும்பத்துப் பெண் பார்த்தார். பெண்ணுக்குத் திருமண வயது வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. அதற்காக, மகனோடு அத்தனை ஆண்டு வாழ்ந்து ஒரு பிள்ளையையும் பெற்ற பெண், பிள்ளையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் பெயரைக்கூட மகன் எழுதவில்லை. பார்த்த கல்யாணமும் நடக்கவில்லை. ஜெபிக்கிற தாய்க்குள்ளும் வரன் பார்க்கிற தாய் ஒருத்தி இருப்பாள் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டாம்.

இப்போது கசப்பான ஒரு எண். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 1,416. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இவர்கள் எல்லோரும் கல்லூரி மாணவர்கள் இல்லை. காரணமும் தேர்வு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. குடும்பச் சிக்கல், நோய், காதல், சாதி, கடன் என்று எத்தனையோ உண்டு. பெற்றோர் ஜெபித்த வீடுகளின் பிள்ளைகள் இந்த எண்ணுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் நம்பிக்கொள்ள வேண்டாம்.

மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்றும் பிசாசின் கட்டு என்றும் சொல்லி, மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளையை உபவாசக் கூட்டத்துக்கு மட்டும் அழைத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேதாகமத்தையே அவர்கள் சரியாகப் படிக்கவில்லை என்பேன். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான் வந்தது. கடமையைப் பற்றிய பேச்சு வெகுநாள் கழித்தே வருகிறது.

கிறிஸ்தவர்கள் இந்தத் துறையில் நல்ல முன்மாதிரிகளையும் உண்டாக்கியிருக்கிறார்கள். வேலூர் சிஎம்சியின் மனநல மையம் பாகாயத்தில் 1957இல் தொடங்கியபோதே, நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்க வேண்டும் என்ற முறையைக் கடைப்பிடித்தது. பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போக முடியாது. கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு 1953இல் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு உதவ சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவரிடம் ஆலோசனை கேட்க வந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்து, காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்த பலர் குருவைப் பார்க்காமலே நிம்மதியாகத் திரும்பினார்கள். ஆலோசனையைவிடக் கேட்கும் காதுதான் வேலை செய்கிறது என்று குருவுக்கே புரிந்தது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இந்த வழியில் வந்ததே.

அரசும் நீதிமன்றமும் மெதுவாக நகர்கின்றன. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. மிஷன் கல்லூரிகள் இதில் பின்தங்கினால் வெட்கக்கேடு; சிற்றாலயம் இருக்கிறது, ஆன்ம குரு இருக்கிறார் என்ற பதில் போதாது. கட்டணமில்லாத 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சபை நாட்காட்டியில் வாக்குத்தத்த வசனத்துக்குக் கீழே இந்த எண்ணையும் அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

பெற்றோர் ஜெபத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை கேட்கும்படி ஜெபிக்கும்போது, பிள்ளையிடம் நேரில் சொல்ல வேண்டியதை அதற்குள் நுழைக்காதீர்கள். பயத்தைக் கடவுளிடம் தனியறையில் சொல்லுங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் இயேசுதானே. பிள்ளையின் முன்னால் ஜெபித்தால், அவன் இருப்பதற்காக நன்றி சொல்லுங்கள். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். இரவு போனில் மூன்று கேள்விக்குப் பிறகு பேசாமல் கொஞ்சம் காத்திருங்கள். அவன் "படிப்பை விட்டுடலாம்னு தோணுதுமா" என்று சொன்னால், உடனே வசனம் சொல்லாதீர்கள். "ஏன் சாமி, சொல்லு" என்று கேளுங்கள்.

ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் கல்வியாண்டு தொடங்கும்போது பிள்ளைகளுக்காகச் சிறப்பு ஆராதனை நடத்துகிறீர்கள். இந்த ஆண்டு அதில் சாட்சி சொல்ல, அரியர் வைத்த ஒரு மாணவனின் பெற்றோரையும், ஓராண்டு படிப்பை நிறுத்தி மருத்துவம் பார்த்துக்கொண்டு மீண்டும் கல்லூரிக்குத் திரும்பிய ஒரு மாணவியையும், அவர்களுக்குச் சம்மதமானால், மேடைக்கு அழையுங்கள்.