நிலக்கீழ் வீட்டு யன்னலும் நம்மவர் சிக்கனமும்

ரொறன்ரோவில் வீடு வாங்கிய நம்மவர் பலர் மேல்தளச் சமையலறைக்குக் கருங்கற் பலகை பதிக்கின்றனர். அதே வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில், யன்னலின் அடிப்பலகைக்கும் ஓரச் சட்டங்களுக்கும் எம்.டி.எஃப் எனப்படும் மரநார் அட்டையைப் பொருத்துகின்றனர். மேலே குடியிருப்பவர் வீட்டுக்காரர். கீழே குடியிருப்பவர் வாடகைக்காரர். பொருட்தேர்வின் சூத்திரம் இவ்வளவுதான். இதனை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

எம்.டி.எஃப் என்பது மரநாரைப் பிசினுடன் கலந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்யப்படுவது. உலர்ந்த அறையில் அதனால் கேடில்லை. விலை மலிவு, வழவழப்பானது, வர்ணமும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெட்டிய விளிம்பில் நீர் ஊறினால் பருத்துவிடும். காய்ந்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பாது.

நிலக்கீழ் யன்னலோ நீர் தேடி வரும் இடம். அறையின் வெப்பநிலை 21 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 50 வீதம் எனக் கொள்வோம். ஏறத்தாழ 10 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அக்காற்றின் நீராவி துளிகளாகப் படியும். மாரியில் பழைய யன்னற் கண்ணாடி அதைவிடவும் குளிர்ந்துவிடும். ஒரு குடும்பம் கீழே சமைத்து, குளித்து, துணி உலர்த்தினால் ஈரம் மேலும் கூடும். துளிகள் வழிந்து அடிப்பலகையில் தேங்கும், பலகை பருக்கும், வர்ணம் உரியும், பூஞ்சணம் படரும். வீட்டுக்காரர் வந்து அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசிவிட்டுப் போவார். இழுப்பு நோயுள்ள குழந்தை அந்த யன்னலின் கீழேயே உறங்கும்.

வெளியிலிருந்து வரும் நீர் வேறு. 2013 யூலை 8 ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. நகரெங்கும் நிலக்கீழ் அறைகள் வெள்ளத்தில் மூழ்கின. 2024 யூலை 16 ஆம் திகதியும் அத்தகைய பெருமழை பெய்தது.

"கிடைக்கும் வாடகைக்கு இதுவே அதிகம்" என்று சிலர் என்னிடமே வாதாடியிருக்கிறார்கள். அடிப்பலகையின் நீளம் சில அடிகள் மாத்திரமே. மேலே சமையலறைக்கு வெட்டியபோது மிஞ்சிய கருங்கற் துண்டு அதற்குப் போதும். குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய தரையோடும் போதும். கல்லிலும் துளி படியும். துடைத்தால் போய்விடும், கல் பருக்காது. ஓரச் சட்டத்துக்கு பி.வி.சி பொருத்தமானது. அது நீரை உறிஞ்சாது, உக்காது. வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்கும் என்பதால் மூட்டுகளை நன்கு ஒட்டவேண்டும். மரமே வேண்டுமென்போர், பொருத்துவதற்கு முன்னரே ஆறு பக்கங்களுக்கும் அடிப்பூச்சுப் பூசவேண்டும். கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு மட்டும் பூசுவது ஏமாற்று வேலை.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கூரைநீர்க் குழாயைச் சுவரிலிருந்து விலக்கி, மண்ணை வெளிப்புறம் சரித்துவிடவேண்டும். ஒழுகும் யன்னலைக் கருங்கல்லும் காப்பாற்றாது.

ஊரில் வீடு கட்டியபோது யன்னலுக்கு முதிரையா, வேம்பா என்று தச்சருடன் நாட்கணக்கில் விவாதித்தவர்கள் நாம். கறையானுக்கு அத்துணை அஞ்சிய நமக்குப் பூஞ்சணத்தின் மீது மட்டும் இத்துணை பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? பதில் எளிது. அங்கே கட்டியது நாம் வாழ்வதற்கு. இங்கே கீழே வாழ்வது வேறொருவர்.

அந்த வேறொருவர் யார்? நேற்று வந்த அகதி, கல்லூரி மாணவர், பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட முதியவர். இன்றைய வீட்டுக்காரர் பலர் 1980களிலும் 1990களிலும் இத்தகைய அறைகளிலேதான் தம் கனடிய வாழ்வைத் தொடங்கினர். அந்த ஈரவாடையை அவர்கள் மறந்திருக்க நியாயமில்லை.

பருத்த பலகையின்மேல் பூச்சுப் பூசுவதை நிறுத்துங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நீருக்கு அசையாத ஒன்றை வையுங்கள். மாதந்தோறும் வாடகை வாங்குபவரின் குறைந்தபட்சக் கடமை அது.