உம்மம்மாவின் பேணிக் கணக்கு



பாடசாலை விடுமுறை வருகிறது. எங்கே போவது, வேனுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் பேச்சுத் தொடங்கியிருக்கும். இந்த முறை வீட்டிலுள்ள மூத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம். "அவங்களுக்குக் கால் வலி, வீட்டில் இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். இப்படிச் சொல்ல வைத்தது ஒரு பிஸ்கட்.

நானஹத்தா. நெய் பிஸ்கட் என்றும் சொல்வோம். சிங்கள மக்கள் ஞானகதா என்பார்கள். பேக்கரிகளில் இன்றும் கிடைக்கிறது. ஆனால் எங்கள் நாக்குத் தேடியது உம்மம்மா பெருநாளைக்குச் சுட்டதை. மேலே வெடித்திருக்கும், அடியில் மட்டும் பொன்னிறம், வாயில் வைத்தால் கரைந்துவிடும்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வந்து நின்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. ஓலைக் கொட்டில் தகரக் கூரையாகி, தகரக் கூரை கல்வீடாகிவிட்டது. நானஹத்தா மட்டும் வரவில்லை. "ரெண்டு பேணி மா, ஒரு பேணி சீனி, ஒரு பேணி நெய்" என்பதுதான் உம்மம்மா சொல்லிவிட்டுப் போன கணக்கு. அந்தப் பேணி சோனகத் தெரு வீட்டுக் குசினியிலேயே நின்றுவிட்டது. உம்மம்மாவும் மவுத்தாகிவிட்டார். ஒவ்வொரு பெருநாளைக்கும் உம்மா முயற்சி செய்வார். ஒரு வருடம் கல்லுப் போல் வரும், ஒரு வருடம் ரொட்டி போல் பரந்துவிடும். "அந்தப் பேணி இருந்தா வந்திருக்கும்" என்பார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று சிதறியிருந்த உம்மாவும் சகோதரிகளுமாக நால்வரும் ஒரே வேனில் யாழ்ப்பாணம் போனார்கள். நாங்கள் பிள்ளைகள் பின் ஆசனத்தில். வவுனியா தாண்டியதும் பேச்சு சாப்பாட்டுக்கு வந்தது, அப்படியே நானஹத்தாவுக்கு வந்தது. ஆனையிறவு போய்ச் சேர்வதற்குள் முழுச் செய்முறையும் எங்கள் கொப்பியில் இருந்தது.

அதை முழுதாக ஒருவரும் வைத்திருக்கவில்லை என்பதுதான் விசயம். சிறுவயதில் ஆளுக்கொரு வேலை. தான் செய்த வேலை மட்டும் ஒவ்வொருவர் கையிலும் தங்கியிருந்தது. பெரியும்மா சீனி இடித்தவர். "இடிச்சு அரிதட்டில் அரிச்ச பிறகுதான் பேணியால அளப்பா" என்றார். உம்மா இத்தனை வருடமும் சீனியை முதலில் அளந்து பிறகு இடித்திருக்கிறார். ஒரு பேணி சீனியை இடித்தால் பேணி கொள்ளாது. ஆக, சீனி கூடிக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான் பரந்திருக்கிறது. மூத்த சாச்சி நெய் தேய்த்தவர். "உம்மா நெய்யை உருக்க விடமாட்டா. உறைஞ்ச நெய்யைச் சீனியோட வெள்ளையா வரும்வரை தேய்க்கோணும்" என்றார். உம்மாவின் வேலை தணல். சட்டிக்குள் மணல், மூடிமேல் சிரட்டைத் தணல். அடி நெருப்புக் குறைவு, மேல் நெருப்புக் கூட. இளைய சாச்சி ஏலக்காய் பொடித்து, மேலே கஜுத் துண்டு பதித்தவர். "ஆறும்வரை தொட்டா அடிதான்" என்றார். சூட்டில் தொட்டால் உதிர்ந்துவிடும், ஆறினால்தான் பிடிக்கும்.

வீடு திரும்பிய கிழமையே ஒரு சாதாரண தேநீர்க் கோப்பையால் அளந்து சுட்டோம். வந்துவிட்டது! இரண்டுக்கு ஒன்று, ஒன்று என்பது விகிதம். எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் சரிவரும். பேணி தேவையே இல்லை, நான்கு பேரும் ஒரே வேனில் இருப்பதுதான் தேவைப்பட்டது.

"யூடியூப்பில் ஆயிரம் செய்முறை இருக்கே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது, நல்லதும் இருக்கிறது. ஆனால் அவை வேறு வீட்டு நானஹத்தா. எங்கள் வீட்டுடையது நான்கு தலைகளில் கால் காலாகக் கிடந்தது. அதில் ஒருவர் போயிருந்தால் கால் பங்கு போயிருக்கும். இன்று அந்த நால்வரில் ஒருவர் இல்லை. அல்லாஹ் அவருக்கு ஜன்னதுல் பிர்தௌஸை வழங்குவானாக.

"காணியும் வீடும் இன்னும் சரிவரவில்லை, இதில் பிஸ்கட் ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காணிக்காகப் பேச வேண்டியதைப் பேசிக்கொண்டே இருப்போம். ஆனால் உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழி இருக்கிறது. உம்மாமாரின் கைப்பழக்கத்துக்குப் பிரதி எந்தக் கந்தோரிலும் இல்லை. 1990இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். சோனகத் தெருவில் குடும்பம் நடத்திய தலைமுறை இதுதான்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விடுமுறைக்கு ஒப்படை கொடுக்கிறோம், பிள்ளைகள் இணையத்தில் பிரதி எடுத்து ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அதற்குப் பதிலாக, வீட்டு மூத்தவர் ஒருவரிடம் ஒரு பலகாரத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டு எழுதச் சொல்லலாம். எதால் அளந்தீர்கள்? பதம் வந்ததை எப்படி அறிந்தீர்கள்? சுட்டதும் முதல் தட்டு யார் வீட்டுக்குப் போனது?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் முதல் தட்டு போனது அடுத்த தெருவிலிருந்த ஒரு தமிழ் ஆசிரியை வீட்டுக்கு. தீபாவளிக்கு அதே தட்டு முறுக்கோடு திரும்பி வருமாம். இதை எந்தச் செய்முறைப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லியிருக்காது.

இந்த விடுமுறையில் வேனின் முன் ஆசனத்தை மூத்தவர்களுக்குக் கொடுங்கள். போனைச் சற்று நேரம் பையில் வையுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் மறக்காதீர்கள். உங்கள் வீட்டில் பாதி மறந்துபோன பலகாரம் எது? கீழே எழுதுங்கள், மற்றப் பாதி இங்கே யாரிடமாவது இருக்கக்கூடும்.